எரிமலை வாயில் சுறாமீன்

சில திங்களுக்கு முன்பு ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு உணவுச் சங்கிலியைப் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "உலகில் உள்ள உணவு அனைத்துக்கும் மூலம் கதிரவனே. கதிரவன் இல்லையேல் புல் இல்லை, புல் இல்லையேல் மான் இல்லை, மான் இல்லையேல் புலி இல்லை" என்று பலகையில் அம்புக்குறியிட்டு விளக்கினேன். முப்பது ஆண்டுகளாக நான் சொல்லிவரும் பாடம் அது. அப்பொழுது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கடலுக்குள் இருக்கும் எரிமலையிலே சுறாமீன் வாழ்கிறதாம். அது எப்படிச் சாகாமல் இருக்கிறது? அங்கே அதற்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். "கைப்பேசியில் வரும் படத்தையெல்லாம் நம்பாதே, தம்பி. எரிமலையில் விழுந்த மீன் குழம்புக்குத்தான் ஆகும்" என்று சொல்லி உட்கார வைத்தேன். பையனின் முகம் வாடிப்போயிற்று. அந்த வாரம் முழுவதும் அவன் கை உயர்த்தவே இல்லை.

பிறகு ஒரு மாலை, மனம் கேளாமல், அவன் சொன்னதைத் தேடிப் படித்தேன். அவன் சொன்னது மெய். நான் சொன்னதுதான் பிழை. அதுமட்டுமன்று, பலகையில் நான் எழுதியதிலும் ஒரு குறை இருந்தது. அவ்விரண்டையும் திருத்திக்கொள்ளும் பொருட்டுப் படித்தவற்றையே இங்கே எழுதுகிறேன். ஆசிரிய நண்பர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

கவாச்சி என்னும் கடலடி எரிமலை

பசிபிக் மாகடலின் தென்மேற்கில், பாப்புவா நியூகினிக்குக் கிழக்கே, சாலமோன் தீவுகள் என்னும் நாடு இருக்கிறது. அந்நாட்டின் வங்குனுத் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கு அடியில் கவாச்சி என்னும் எரிமலை உள்ளது. அதன் அடிவாரம் கடல்மட்டத்துக்குக் கீழே ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இருக்கிறது. உச்சியோ நீர்மட்டத்துக்கு 20 மீட்டர் அளவு கீழே வந்து நிற்கிறது. ஆறு மாடிக் கட்டடம் ஒன்றைக் கடலில் இறக்கினால் மூழ்கும் ஆழம் அவ்வளவுதான். கவாச்சி என்பது அத்தீவு மக்கள் வழிபட்ட கடல் தெய்வத்தின் பெயர்.

அது வெடித்ததாக முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்ட ஆண்டு 1939. அதன் பின்னர்ப் பலமுறை வெடித்திருக்கிறது. சில வேளைகளில் அது கக்கிய கற்குழம்பு குவிந்து, கடலுக்கு மேலே ஒரு புதுத் தீவாகவே தலைகாட்டியதும் உண்டு. ஆனால் அந்தத் தீவுகள் நிலைக்கவில்லை. அலைகள் அவற்றைக் கரைத்துவிட்டன. 2022 மே மாதத்தில் வானத்துச் செயற்கைக்கோள் எடுத்த படத்தில், கவாச்சியிலிருந்து நிறம் மாறிய நீர் நீண்ட வால் போலக் கடலில் பரவிக்கிடந்தது தெரிந்தது.

2015 சனவரியில் அமெரிக்க நாட்டின் ரோட் தீவுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரென்னன் பிலிப்சு என்னும் கடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் அங்கே சென்றனர். எரிமலை சற்று ஓய்ந்திருந்த நேரம் அது. மனிதன் அந்த வாய்க்குள் இறங்க முடியாது. அதன் விளிம்பை நெருங்கிய முக்குளிப்பாளர்கள் வெப்பத்தாலும், புளிப்பேறிய நீர் தோலை எரித்ததாலும் பின்வாங்க நேர்ந்ததுண்டு. ஆகவே அக்குழுவினர் இரையைக் கட்டிய ஒளிப்படக் கருவி ஒன்றை ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினர். ஒரு மணி நேரம் சென்றபின் அதை மேலே எடுத்துப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள்.

கலங்கிய நீருக்குள் மீன்கள் திரிந்தன. திடீரெனக் கருவியின் முன்னால் சுறாக்கள் வந்தன! ஒன்று கொம்பன் சுறா; சம்மட்டியைக் குறுக்கே வைத்தாற்போல் அகன்ற தலையும், அத்தலையின் இரு முனைகளிலும் கண்களும் உடையது. மற்றொன்று, பட்டுப்போல் வழவழப்பான தோலைக் கொண்டமையால் பட்டுச் சுறா என்று சொல்லத்தக்க இனம். ஆறு சோடிச் செவுள்களையுடைய அரிய திருக்கை ஒன்றும் அங்கே காணப்பட்டது. என் மாணவன் பார்த்தது இந்தப் படத்தைத்தான்.

இங்கே நாம் ஒன்றைக் கருத்தில் வைக்க வேண்டும். கண்டது வேறு, கண்டதிலிருந்து ஊகிப்பது வேறு. எரிமலை ஓய்ந்திருந்த வேளையில் அதன் வாய்க்குள் சுறாக்கள் நீந்தின என்பது கண்ட செய்தி. அவை கொதிக்கும் கற்குழம்பில் வாழ்கின்றன என்பதோ, வெடிப்பின்போதும் அங்கேயே இருக்கின்றன என்பதோ எவரும் கண்ட செய்தியன்று. பிலிப்சே அப்படிச் சொல்லவில்லை. வெடிக்கும் முன் அவற்றுக்கு ஏதேனும் அறிகுறி தெரிகிறதா, அறிந்து விலகிப் போகின்றனவா என்பதையே அவர் கேள்வியாக வைத்தார். படத்தைப் பரப்பியவர்கள் கேள்வியை விட்டுவிட்டு வியப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நானோ படத்தையே பொய் என்று தள்ளிவிட்டேன். இரண்டுமே தவறு.

கடலுக்குள் தீ எப்படி எரிகிறது?

எரிமலை என்றவுடன் நிலத்தின்மீது புகை கக்கும் மலைதான் நம் நினைவுக்கு வருகிறது. உண்மையில் இவ்வுலகில் வெளிப்படும் கற்குழம்பில் நான்கில் மூன்று பங்கு கடலுக்கு அடியிலேயே வெளிப்படுகிறது என்று அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். நாம் அதைக் காண்பதில்லை, அவ்வளவே.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் கீழே செல்லச் செல்ல, நீரின் அழுத்தம் நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்துக்குச் சமமான அளவு கூடிக்கொண்டே போகிறது. 2,000 மீட்டர் ஆழத்தில் அது 200 மடங்கு. அவ்வளவு பளுவின் கீழே நீர் எளிதில் ஆவியாகாது. ஆகவே ஆழ்கடலில் வெளிப்படும் கற்குழம்பு பெரும்பாலும் பேரோசையுடன் வெடிப்பதில்லை. மேற்புறம் உடனே உறைந்து, தலையணைகளை அடுக்கிவைத்தாற்போல் உருண்டை உருண்டையாகப் பிதுங்கி வழிகிறது. மாறாக, கவாச்சியைப் போல ஆழமற்ற இடத்தில் பளு குறைவு. அங்கே நெருப்புக் குழம்பு நீரைத் தொட்டவுடன் நீர் ஆவியாகி வெடிக்கிறது. சூடேறிய எண்ணெய்ச் சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் என்ன நேரும் என்பதை நம் வீட்டுத் தாய்மார் அறிவர்.

வெப்பம் மட்டுமே தீங்கு செய்வதன்று. எரிமலையிலிருந்து கரியமிலவாயு வெளிவந்து நீரில் கரைந்தால் நீர் புளிப்பேறுகிறது. அழுகிய முட்டையின் நாற்றமுடைய கந்தக நீர்வாயு உயிர்களின் மூச்சையே தடுக்கும் நஞ்சு. நீரிலுள்ள உயிர்வாயு குறைகிறது. நுண்ணிய சாம்பல் செவுள்களை அடைக்கிறது. இத்தனையும் ஒருங்கே சேரும்போது மீன் என்ன செய்யும்?

கொல்லும் எரிமலை

இதற்கு விடையை ஆப்பிரிக்காவின் வடமேற்கே, அட்லாண்டிக் மாகடலிலுள்ள கானரித் தீவுகளில் காணலாம். அவற்றுள் எல் இயேரோ என்னும் சிறு தீவின் தென்முனையில் லா ரெசுதிங்கா என்ற மீனவர் ஊர் இருக்கிறது. 2011 அக்டோபரில் அவ்வூருக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில் கடலுக்கு அடியில் எரிமலை ஒன்று வெடிக்கத் தொடங்கியது. 2012 மார்ச்சு வரை அது ஓயவில்லை. நீரின் புளிப்பு மிகுந்தது, உயிர்வாயு வற்றியது. கடல் பச்சையும் பழுப்புமாக நிறம் மாற, மீன்கள் செத்து மிதந்தன. மீன்பிடிப்பும் நின்றது. மீன்வளம் பெருகும்பொருட்டுப் பாதுகாத்து வைத்திருந்த கடற்பகுதி அது. ஆதலால் அவ்வூர் மீனவர்க்கு நேர்ந்த இழப்பு பெரிது.

2022 சனவரி 15இல் தென்பசிபிக்கின் தோங்கா நாட்டில் உங்கா எரிமலை வெடித்தது இதனினும் கொடியது. வானில் எழுந்த சாம்பலும் கல்லும் மீண்டும் கடலில் விழுந்து, கடலடிச் சரிவுகளில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் புரண்டோடின. கடலுக்கு அடியில் இருந்த தொலைத்தொடர்புக் கம்பிகளே அறுந்துபோயின என்றால், அங்கிருந்த நத்தைக்கும் சிப்பிக்கும் என்ன கதி நேர்ந்திருக்கும்! பின்னர் ஆராய்ந்தபோது, எரிமலையைச் சுற்றிய கடற்படுகை சாம்பலில் புதையுண்டு கிடந்தது. ஆயினும் அருகிலுள்ள சில கடற்குன்றுகளின் சரிவுகளில் உயிரினங்கள் தப்பியிருந்தன.

இவ்விரு நிகழ்ச்சிகளாலும் ஓர் உண்மை விளங்குகிறது. எரிமலை எல்லா உயிரையும் ஒரேவகையாகத் தாக்குவதில்லை. விலக முடியாதவை முதலில் மடிகின்றன. பாறையில் ஒட்டிய சிப்பிக்கும் மணலில் புதைந்த புழுவுக்கும் ஓட வழியில்லை. விரைந்து நீந்தும் சுறாவுக்குப் பரந்த கடல் இருக்கிறது. கவாச்சியின் சுறாக்கள் தீயை வென்றவை என்று சொல்வதைவிட, தீயின் அண்டையில் வந்து போகத் தெரிந்தவை என்று கருதுவதே பொருந்தும்.

கொடுக்கும் எரிமலை

வந்து போகத் தெரிந்தவை என்றால், அங்கே எதற்காக வருகின்றன? என் மாணவனின் இரண்டாவது கேள்வி இதுதான்.

1977இல் தென்னமெரிக்காவின் மேற்கே, கலாப்பகோசுத் தீவுகளுக்கு அருகில், ஆல்வின் என்னும் சிறு நீர்மூழ்கியில் அறிஞர்கள் ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கினார்கள். கதிரவனின் ஒளி எட்டாத இருட்டு அது. அங்கே கடற்படுகையின் வெடிப்புகளிலிருந்து வெந்நீர் ஊற்றெடுத்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிலும் சிப்பிகளும் நண்டுகளும் மொய்த்துக் கிடந்தன. வெண்குழலுக்குள்ளிருந்து செந்நிறத் தலையை நீட்டும் பெரும்புழுக்கள் புதராக நின்றன. புல் இல்லை, பாசி இல்லை, ஒளியும் இல்லை. பின் எதை உண்டு வாழ்கின்றன? ஊற்றிலிருந்து வரும் கந்தக நீர்வாயுவையே எரிபொருளாகக் கொண்டு உணவு ஆக்கும் நுண்ணுயிர்கள் அங்கே உள்ளன. சில உயிர்கள் அவற்றை மேய்கின்றன. அந்தப் பெரும்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அது நுண்ணுயிர்களைத் தன் உடலுக்குள்ளேயே குடிவைத்து, அவை ஆக்கும் உணவால் வாழ்கிறது. மற்ற உயிர்க்கு நஞ்சான வாயு அங்கே நெல்லாகவும் நீராகவும் ஆகிவிடுகிறது! எல்லா உணவுச் சங்கிலிக்கும் கதிரவனே முதல் என்று பலகையில் எழுதினேன் அல்லவா? இனி "பெரும்பாலான" என்ற சொல்லைச் சேர்த்து எழுதவேண்டியதாயிற்று.

எரிமலையின் வெப்பமும் சில உயிர்க்குக் கொடையாகிறது. அதே கலாப்பகோசுக் கடலில் 2015இல் ஆழ்கடல் ஊர்தி ஒன்றைச் செலுத்தி ஆராய்ந்தோர், 1,600 மீட்டருக்கும் கீழே, வெந்நீர் ஊற்றுகளின் அருகே திருக்கை இனம் ஒன்றின் முட்டைப் பைகள் 157ஐக் கண்டனர். திருக்கை சுறாவின் பங்காளி. இரண்டும் எலும்பில்லாமல் குருத்தெலும்பாலான உடல் உடையவை. அம்முட்டைகளில் பாதிக்கு மேற்பட்டவை கரும்புகை போல நீரைக் கக்கும் ஊற்றுகளுக்கு 20 மீட்டர் தொலைவுக்குள் இருந்தன. பெரும்பாலானவை சுற்றுப்புற நீரைவிடச் சற்று வெப்பமான நீரில் கிடந்தன. ஆழ்கடலின் குளிரில் இத்தகைய முட்டை பொரிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். அந்தக் காலத்தைக் குறைக்கவே தாய் இந்த இடத்தைத் தேர்கிறது என்று அறிஞர்கள் 2018இல் எழுதினர். கோழி தன் மார்பின் சூட்டைத் தருகிறது; இத்தாயோ பூமியின் சூட்டை இரவல் வாங்குகிறது.

இன்னும் ஒன்று: அணைந்துபோன எரிமலையும் வீணாவதில்லை. அது கடலடிக் குன்றாக நிற்கிறது. அடியில் ஓடும் நீரோட்டம் அதில் மோதி மேலெழும்போது ஆழத்திலுள்ள சத்துகளையும் ஏந்தி வருகிறது. அதனால் நுண்பாசி செழிக்கிறது; அதை உண்ண இறாலும் சிறுமீனும் கூடுகின்றன; அவற்றைத் தேடிப் பெருமீனும் சுறாவும் வருகின்றன. கொம்பன் சுறாக்கள் நூற்றுக்கணக்கில் கூட்டமாகத் திரியும் கலாப்பகோசு, கோக்கோசு, மால்பெலோ ஆகிய தீவுகள் மூன்றுமே எரிமலையால் பிறந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

சுறாவின் ஆறாம் புலன்

சுறாவுக்கு நம்மைவிட ஒரு புலன் மிகுதி. அதன் முகத்தில் ஊசிமுனை போன்ற துளைகள் நிறைய உண்டு. அவற்றினுள் பாகு போன்ற பொருள் நிறைந்த குழல்கள் இருக்கின்றன. இத்தாலியரான லோரன்சினி 1678ஆம் ஆண்டிலேயே இவற்றை விவரித்தார். ஆனால் இவை மின்புலத்தை உணரும் உறுப்புகள் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது. மணலுக்குள் ஒளிந்த மீனின் இதயத் துடிப்பிலும் தசையசைவிலும் எழும் மெல்லிய மின்னோட்டத்தைக்கூடச் சுறா இதனால் அறிந்துவிடும்.

கிளிம்லி என்னும் அமெரிக்க அறிஞர், மெக்சிகோ நாட்டுக் கலிபோர்னியா வளைகுடாவில் ஒரு கடற்குன்றைச் சுற்றி வாழும் கொம்பன் சுறாக்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து 1993இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவை இரவில் குன்றைவிட்டு இரைதேடிச் சென்று, காலையில் மீண்டும் அதே இடத்துக்குத் திரும்பின. இருளில் வழிதவறாமல் நேர்கோட்டில் நீந்தின. எரிமலைக் குழம்பு உறையும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் பூமியின் காந்தப் போக்கைப் பதித்துக்கொள்கின்றன. அதனால் அத்தகைய கடற்படுகையில் காந்தம் மிகுந்த வரிகளும் குறைந்த வரிகளும் அமைகின்றன. அவ்வரிகளையே சுறாக்கள் பாதையாகக் கொள்கின்றன என்பது கிளிம்லியின் கருத்து. நம் தோட்டத்துப் பால்மரக் காட்டில் விடியுமுன் வேலைக்குச் சென்றவர்கள் மர வரிசையைக் கொண்டே வழி கண்டார்கள் அல்லவா? அதைப்போன்றது இது.

இனி, வெடிப்பு வருமுன் சுறா அறியுமா? கவாச்சியில் இதற்கு இன்னும் சான்று இல்லை. ஆனால் வேறோர் இடத்தில் இதனையொத்த ஒன்று நடந்திருக்கிறது. 2001 செப்டம்பரில் அமெரிக்காவின் புளோரிடாக் கரையைக் கேப்ரியல் என்னும் புயல் தாக்கியது. அங்கே ஆழமற்ற ஒரு விரிகுடாவில் இளஞ்சுறாக்களுக்கு ஒலிக்கருவி பொருத்திக் கண்காணித்து வந்தனர். புயல் கரையேறுமுன்பே அவை விரிகுடாவை விட்டு ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டன. புயல் ஓய்ந்தபின் திரும்பின. காற்றழுத்தம் குறைந்ததை அவை உணர்ந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினர். புயலை உணரும் சுறா எரிமலையின் நடுக்கத்தையும் உணரலாம் என்று நாம் எண்ணுவது இயல்பே. எனினும் அதை ஊகம் என்றே மாணவருக்குச் சொல்ல வேண்டும்.

தீயினும் பெரிய பகை

எரிமலை கொல்கிறது, பின்னர் மெல்ல மெல்லத் திருப்பியும் கொடுக்கிறது. எல் இயேரோவில் வெடிப்பு அடங்கிய சில ஆண்டுகளுக்குள், எரிந்த சரிவின்மீது வெண்ணிற நூல்களைப் போன்ற நுண்ணுயிர்கள் பாய் விரித்தாற்போல் படர்ந்திருந்தன. அதுவரை அறியப்படாத அந்த உயிருக்கு அறிஞர்கள் வீனசு தேவியின் கூந்தல் என்று செல்லப்பெயர் இட்டனர். அதனிடையே சிறு உயிர்களும் குடியேறின. மீனும் திரும்பிற்று.

சுறாக்களின் குலம் நாற்பது கோடி ஆண்டுப் பழமை உடையது. நிலத்திலும் நீரிலும் எத்தனையோ எரிமலைகள் வெடித்துத் தணிந்ததை அக்குலம் கடந்து வந்திருக்கிறது. ஆனால் கவாச்சியின் வாய்க்குள் அஞ்சாமல் நீந்திய அதே கொம்பன் சுறா, இன்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக இடம்பெற்றுள்ளது. அதற்குக் காரணம் தீயன்று. வலையும், துடுப்புக்காக நடக்கும் வணிகமும். துடுப்பு வணிகத்தைக் கட்டுப்படுத்தும்பொருட்டு 2013இல் அனைத்துலக உடன்படிக்கையில் இவ்வினம் சேர்க்கப்பட்டது. கூட்டமாகக் கூடும் பழக்கமே அதற்குக் கேடாயிற்று. ஒரே வலையில் பல அகப்பட்டுவிடுகின்றன. அது நெத்திலியைப் போல் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுப் பெருகும் மீன் அன்று. ஏறத்தாழ ஓராண்டு வயிற்றில் சுமந்து, சில குட்டிகளையே ஈனுவது. போனால் எளிதில் ஈடாகாது.

நம் சந்தையிலும் ஈக்கான் யூ என்று அதன் துண்டுகளைக் காண்கிறோம். விருந்துகளில் துடுப்பு சூப்பும் வைக்கிறார்கள். அது பெருமைக்குரிய உணவு என்று எண்ணும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. மீன் விற்றுப் பிழைப்பவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. எரிமலை விட்டுவைத்ததை ஒரு கிண்ணம் சூப்புக்காக நாம் முடித்துவிடலாமா என்று மட்டும் கேட்கிறேன்.

மறுவாரம் அதே வகுப்புக்குச் சென்றேன். "அன்று நான் சிரித்தது தவறு. நீ சொன்னதுதான் உண்மை" என்று அம்மாணவனை எழுப்பி எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். படத்தையும் போட்டுக் காட்டினேன். கண்டது எது, ஊகம் எது என்று பலகையில் இரு பத்தியாகப் பிரித்து, மாணவர்களையே நிரப்பச் செய்தேன். முதற்பத்தியைவிட இரண்டாம் பத்தி நீண்டுவிட்டது. அதைப் பார்த்த அந்தப் பையன், "அப்படியானால் இன்னும் கண்டுபிடிக்க நிறைய இருக்கிறதா, ஐயா?" என்று கேட்டான்.

"இருக்கிறது, தம்பி" என்றேன். இம்முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.